கரை மணலுக்கு ஒரு வண்டி, கச்சான் காற்றுக்கு ஒரு வண்டி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் ஜூன் 15-க்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா மகன் என் பட்டறைக்கு வந்தான். கையில் நான்கைந்து வண்டிகளின் விளம்பரத் தாள்கள். ஏர்வாடிக் கரையில் மீன் எடுத்துக் கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விற்பது அவன் தொழில். ஐஸும் மீனுமாக எழுபது, எண்பது கிலோ எப்போதும் பின்னால் இருக்கும். ஒன்பது வருடம் ஓட்டிய எக்ஸ்எல் சூப்பர் மொபெட் இனி ஒரு சீசன் தாங்காது.

“மாமா, இதில் 25 குதிரை என்று போட்டிருக்கிறது. இதில் 20தான், ஆனால் டார்க் 27 என்கிறார்கள். எது லோடு இழுக்கும்?”

திருப்புல்லாணியில் பட்டறை வைத்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் இதற்கு ஒரு வரியில் பதில் கிடைக்கும்: டார்க் இழுக்கும், பவர் ஓடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் கடன் போட்டு வண்டி எடுத்தவர்கள் ஆறாவது மாதமே கிளட்ச் பிளேட் மாற்ற வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் அவனை உட்கார வைத்து, முழுவதையும் சொன்னேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டார்க் என்பது முறுக்கும் விசை. பின்சக்கரத்து நட்டு இறுகிப்போனால் ஸ்பானரின் பிடியில் ஒரு பைப்பைச் செருகி நெம்புகிறோம். கை வலு கூடவில்லை, பிடி நீண்டது, அவ்வளவுதான், நட்டு கழன்றுவிடுகிறது. எவ்வளவு விசை, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது முறுக்குவிசை. அதை நியூட்டன் மீட்டரில் சொல்கிறார்கள். 27 நியூட்டன் மீட்டர் என்றால், ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் இரண்டே முக்கால் கிலோ மீனைத் தொங்கவிட்டால் மறுமுனையில் என்ன முறுக்கு வருமோ, அது.

இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவுதானா? ஆமாம். கால் மீட்டர் ஸ்பானரை இருபது கிலோ விசையில் நான் இழுத்தால் 49 நியூட்டன் மீட்டர் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுபோனவர்கள் பாரத்தோடு பெடலில் எழுந்து நின்று மிதிப்பார்கள். அறுபது கிலோ ஆள் அப்படி நின்றால் அந்த ஒரு மிதியில் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் இருக்கும். எந்தப் புல்லட்டிலும் கிடையாது அது. ஆனால் அந்த மிதியை நிமிடத்துக்கு நாலாயிரம் தடவை அவரால் போட முடியாது. முறுக்குக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

குதிரைத்திறன் என்பது அந்த முறுக்கு எவ்வளவு விரைவாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கணக்கு. நம் ஊர் விளம்பரத் தாள்களில் பெரும்பாலும் பிஎஸ் என்று போட்டிருப்பார்கள். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு பிஎஸ். பிஎச்பி என்று போட்டிருந்தால் அது சற்றுப் பெரிய அளவு, 20.2 பிஎச்பி ஏறக்குறைய 20.5 பிஎஸ். இரண்டு தாள்களை ஒப்பிடும்போது இதை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

முறுக்கையும், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். ஸ்ப்ளெண்டர் பிளஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அதன் உச்ச முறுக்கு 8.05 நியூட்டன் மீட்டர். பெருக்கி வகுத்தால் அந்த இடத்தில் அது தருவது 6.9 பிஎஸ். தாளில் போட்டிருப்பதோ 8000 சுற்றில் 8.02 பிஎஸ். அந்த 8000 சுற்றில் முறுக்கு எவ்வளவு என்று திருப்பிப் போட்டால் ஏழு நியூட்டன் மீட்டர்தான் வருகிறது. முறுக்கு குறைந்துவிட்டது, சுற்று கூடிவிட்டது, குதிரை ஏறிவிட்டது. ஆகவே டார்க்கும் பவரும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல. ஒரே சரக்கின் விலையும் எடையும் போல. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் ஏமாறுவது வாங்குகிறவர்.

இனி அவன் கொண்டுவந்த தாள்கள். அவன் மனதுக்குள் ஆசைப்பட்டது டியூக் 200: 10,000 சுற்றில் 25 பிஎஸ், 8000 சுற்றில் 19.3 நியூட்டன் மீட்டர். அவன் கூட்டாளி சிபாரிசு செய்தது புல்லட் வகை கிளாசிக் 350: 6100 சுற்றில் 20.2 பிஎச்பி, 4000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர். அவன் அப்பா, அதாவது என் அத்தான், ‘பழகிய வண்டியையே எடு’ என்று சொன்னது எக்ஸ்எல் 100: 6000 சுற்றில் ஏறக்குறைய 4.4 பிஎஸ், 3500 சுற்றில் 6.5 நியூட்டன் மீட்டர். அடியில் கிடந்தவை ஸ்ப்ளெண்டரும், 7500 சுற்றில் 10.7 பிஎஸ், 6000 சுற்றில் 11 நியூட்டன் மீட்டர் தரும் ஷைன் 125-உம்.

எண்களைப் பார்க்கும்போது எல்லோரும் முதல் எண்ணில் நின்றுவிடுகிறார்கள். கண் போகவேண்டியது அதற்குப் பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும் சுற்று எண்ணுக்கு. எவ்வளவு என்பதைவிட எந்தச் சுற்றில் என்பதுதான் உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது.

கிளாசிக்கையும் டியூக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் ஒற்றை சிலிண்டர். இரண்டின் பிஸ்டனும் 72 மில்லிமீட்டர் விட்டம், ஒரே அளவு! ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் கிளாசிக்கில் 85.8 மில்லிமீட்டர், டியூக்கில் 49 மட்டும். சிலிண்டரின் கொள்ளளவு, அதாவது சிசி, ஒன்றில் 349, இன்னொன்றில் 199.5 ஆனது இந்த ஒரு மாற்றத்தால்தான். நீண்ட தூரம் ஏறி இறங்கும் பிஸ்டனால் மிக வேகமாகச் சுற்ற முடியாது. குட்டைத் தூரப் பிஸ்டன் பறக்கும். கிளாசிக்கின் 6100 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.4 மீட்டர், டியூக்கின் 10,000 சுற்றில் 16.3 மீட்டர் என்று கணக்கு வருகிறது. உள்ளே இரண்டும் ஏறக்குறைய ஒரே பாடுதான் படுகின்றன. ஒன்று பெரிய அடியாக நிதானமாக வைக்கிறது, இன்னொன்று சின்ன அடியாக ஓடி ஓடி வைக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சரிசெய்துவிடுகிறேன். ‘ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், நீளமாக இருப்பதால்தான் புல்லட்டுக்கு டார்க் அதிகம்’ என்பார்கள். டார்க்கின் பெரும்பகுதியைக் கொடுப்பது சிசி. ஒரு அடிக்கு எவ்வளவு காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிறதோ அதைப் பொறுத்தது முறுக்கு. சிசிக்குச் சிசி பார்த்தால் டியூக்தான் அதிகமாக முறுக்குகிறது. ஸ்ட்ரோக் நீளம் செய்வது, என்ஜினின் உயிர் எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதை முடிவு செய்வது.

சரி, 27 பெரிதா 19 பெரிதா? என்ஜினிலிருந்து வரும் முறுக்கு நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸும் செயினும் அதைப் பலமடங்கு பெருக்கித்தான் அனுப்புகின்றன. வேகமாகச் சுற்றும் என்ஜினுக்கு அதிகமாகப் பெருக்கும் பல்சக்கரம் வைக்கலாம். ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டியை முன்னால் தள்ளுவது அந்தக் கணத்தில் என்ஜின் தருகிற குதிரைத்திறன்தான். டியூக்கை 8000 சுற்றில் வைத்திருந்தால் அது 22 பிஎஸ் தருகிறது. கிளாசிக்கின் உச்சமே 20.5. அந்த நிலையில் 19 நியூட்டன் மீட்டர் வண்டி 27 நியூட்டன் மீட்டர் வண்டியைவிட அதிகமாகத் தள்ளும். இதை ஒப்புக்கொள்ளாத புல்லட் பிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் கணக்கு கணக்குதான்.

அதே கணக்கு மறுபக்கமும் பேசுகிறது. 4000 சுற்றில், கிளாசிக் 15.4 பிஎஸ் தருகிறது. டியூக் அந்தச் சுற்றில் அவ்வளவு தரவேண்டுமானால் அதற்கும் 27 நியூட்டன் மீட்டர் வேண்டும்; அதன் உச்சமே 19.3. எண்பது கிலோ மீனைக் கட்டிக்கொண்டு, எதிரில் ஆடு வருமா மாடு வருமா என்று பார்த்துக்கொண்டு போகிற ஒருவர் நாள் முழுக்க எட்டாயிரம் சுற்றில் என்ஜினை அலறவிட்டு ஓட்டமாட்டார். அவர் வாழ்வது மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில். அந்த இடத்தில் எந்த வண்டி எதைக் கொடுக்கிறது என்பதுதான் அவருக்கு உரிய கேள்வி.

இந்தக் கடற்கரையில் வண்டியைச் சோதிப்பவை இரண்டு. ஒன்று மணல், இன்னொன்று காற்று. இரண்டும் வேறு வேறு எண்ணைக் கேட்கின்றன. ஒரே வண்டி இரண்டுக்கும் முதலிடம் வாங்காது.

மணலை முதலில் பார்ப்போம். போன தை மாதம் விடியற்காலை நேரம் அவனோடு ஏலம் பார்க்கப் போயிருந்தேன். சீலா மீனும் பாறை மீனும் நண்டுமாகக் கூறு பிரித்து முடிந்திருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பையன் தன் 150 சிசி வண்டியில் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கினான். தார்ச்சாலை நூறு அடி தள்ளி. நடுவில் கால் புதையும் பொடி மணல். ஆக்சிலரேட்டரை முறுக்கிக் கிளட்சைப் பாதி விட்டான். பின்சக்கரம் ஒரு சாண் கீழே இறங்கியது. மறுபடி முறுக்கினான், இன்னும் இறங்கியது. நாலாவது தடவை அந்த வாடை வந்தது: கருகிய கிளட்ச் பிளேட்டின் வாடை, மீன் வாடையையும் மீறி மூக்கில் ஏறும். அவன் வண்டியில் 14 குதிரை இருந்தது. அதில் ஒன்றுகூடச் சக்கரத்துக்குப் போகவில்லை. எல்லாம் கிளட்சில் சூடாகிக் கரைந்துகொண்டிருந்தது.

அதே நேரம் ஒரு பெரியவர் பழைய ஸ்ப்ளெண்டரில், அதே அளவுப் பெட்டியோடு, முதல் கியரில், கிளட்சை முழுவதும் விட்டுவிட்டு, இரண்டு காலையும் மணலில் லேசாக ஊன்றியபடி, நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலாகப் போய்ச் சாலையில் ஏறினார். ஒருமுறைகூட அவர் ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று திருகவில்லை. பின்சக்கரத்தில் காற்றும் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தார். சாலை ஏறியதும் ஒரு கைப்பம்பால் மறுபடி அடித்துக்கொண்டார். அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். வண்டி, ஆள், பெட்டி எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். தார்ச்சாலையில் அதை உருட்ட ஐந்து கிலோ விசை போதும். பொடி மணலில் எடையில் கால்வாசி வரை எதிர்ப்பு வரும்; அறுபது கிலோவுக்கு மேல். ஆனால் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் அந்த அறுபது கிலோவைத் தள்ளத் தேவைப்படும் திறன் இரண்டு குதிரைக்கும் குறைவு. மணல் கேட்பது குதிரையை அல்ல. குறைந்த சுற்றில் முறுக்கையும், அதைப் பெருக்க ஒரு நல்ல முதல் கியரையும். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியின் முதல் கியர் என்ஜின் முறுக்கை முப்பது மடங்குக்குக் குறையாமல் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. தரையில் அது சுமார் 80 கிலோ தள்ளாக இறங்கும்.

எக்ஸ்எல் 100-இன் கதை இங்கே வேறு. 3500 சுற்றிலேயே உச்ச முறுக்கு வந்துவிடுவது அதன் பெரிய நற்குணம். கிளட்ச் பிடிக்கவேண்டாம், எடை குறைவு, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டையை நிறுத்தலாம். நல்ல தண்ணீருக்கு ஊர் விட்டு ஊர் போய்க் குடங்களைக் கட்டிவரும் பெண்களையும், பதநீர்க் கேன் கட்டிப் போகும் பனைத் தொழிலாளிகளையும் இந்த மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். அவர்களுக்கு இதற்கு இணை இல்லை. ஆனால் அதற்கு ஒரே கியர். பெருக்கிக்கொள்ள வேறு பல்சக்கரம் கிடையாது. என் தோராயக் கணக்கில் அதன் சக்கரத்தில் கிடைக்கும் தள்ளு 25 கிலோ அளவுதான். ஈரம் இறுகிய கரையில் ஓடிவிடும். பொடி மணலில் இறங்கித் தள்ளவேண்டும். ஒன்பது வருடமாக அக்கா மகன் செய்தது அதுதான். அவன் இடுப்பு வலிக்கு நான் சொல்லும் காரணமும் அதுதான்.

இனிக் காற்று. ஆனி, ஆடியில் கச்சான், அதாவது மேல்காற்று, எடுத்துவிட்டால் ஏர்வாடியிலிருந்து மேற்கே போகிறவர் முகத்தில் அது அறைந்துகொண்டே வரும். பாம்பனில் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள் என்றால், அந்தக் காற்றுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்? வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும்; மேலும் வேகம் வேண்டுமென்றால் அதற்கான திறன் அதைவிட விரைவாக ஏறும்.

காற்றே இல்லாத நாளில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, நிமிர்ந்து உட்கார்ந்த ஆளும் சுமையும் சேர்ந்து காற்றைப் பிளக்க ஏறக்குறைய 2.3 பிஎஸ் வேண்டும். எதிரில் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் அதே வேகத்துக்கு 5.1 பிஎஸ். இரண்டு மடங்குக்கும் மேல்! சக்கர உராய்வையும் செயின் இழப்பையும் சேர்த்தால் ஏழுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. 4.4 பிஎஸ் எக்ஸ்எல் இதைத் தாங்காது. நாற்பது, நாற்பத்தைந்தில் போய் உட்கார்ந்துவிடும். அது வண்டியின் கோளாறு என்று நினைத்துக் கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னவர்கள் உண்டு. வண்டியில் ஒரு குறையும் இல்லை. கேட்ட குதிரை அதனிடம் இல்லை.

ஸ்ப்ளெண்டர் என்ன செய்யும்? டாப் கியரில் 60-இல் போகும்போது அதன் என்ஜின் ஐயாயிரத்துச் சொச்சம் சுற்றில் இருக்கும். அந்தச் சுற்றில் அதனால் தர முடிந்தது ஆறு பிஎஸ் அளவு. காற்று கேட்பது ஏழு. வேகம் மெல்ல மெல்ல இறங்கும். மூன்றாவது கியருக்கு மாற்றினால் சுற்று ஏழாயிரத்துக்குப் போய், குதிரையும் கூடி, வண்டி தாக்குப்பிடிக்கும். கியர் இறக்குவது என்பது சுற்றைக் கொடுத்துக் குதிரையை வாங்குவது. ‘இழுவை பற்றவில்லை, டார்க் குறைவு’ என்று அப்போது குறைசொல்கிறவர்கள் உண்மையில் பவர் பற்றாமல் தவிக்கிறார்கள். டாப் கியரை விடமாட்டேன், பெட்ரோல் மிச்சமாகும் என்று அப்படியே முறுக்கிக்கொண்டு போவது என்ஜினுக்கு நல்லதல்ல. பாரத்தோடு குறைந்த சுற்றில் திணறும்போது வரும் அந்த டொக்டொக் சத்தம் கேட்டால் உடனே ஒரு கியர் இறக்கிவிடுங்கள்.

மணலும் சாலையும் வேறு வேறு எண்ணைக் கேட்கும் என்பதற்கு நம் தனுஷ்கோடியைவிடச் சிறந்த இடம் கிடையாது. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தபின் ஐம்பது வருடத்துக்கு மேலாக முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான். வேன்களும் ஜீப்புகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு சிறிய கியரில் ஊர்ந்து போகும். அவற்றில் பெரிய குதிரைத்திறன் ஒன்றும் இல்லை. குறைந்த சுற்றில் விடாமல் முறுக்கும் டீசல் என்ஜினும் பெருக்கிக் கொடுக்கும் கியரும் இருந்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை திறந்தார்கள். இன்று அதே இடத்தில் ஆர்15 வண்டிகள் கடற்காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்கின்றன. 155 சிசியில் 18.4 பிஎஸ், ஆனால் அதற்குப் பத்தாயிரம் சுற்று வேண்டும். அந்தச் சாலையில் அது ராஜா. சாலையின் ஓரத்தில் ஒரு முழம் இறங்கினால் அதை மீட்க நான்கு பேர் வேண்டும்.

பழைய ஆட்கள் இங்கே ஆர்எக்ஸ் 100-ஐப் பேச்சில் இழுப்பார்கள். 98 சிசியில் 11 குதிரையும் 10.39 நியூட்டன் மீட்டரும் எப்படி வந்தது என்பார்கள். அது டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். புகைக் கட்டுப்பாடு வந்தபின் அந்தக் காலம் போய்விட்டது. இன்னும் நான் இரண்டு ஆர்எக்ஸ்களைப் பராமரிக்கிறேன், ஒவ்வொரு முறை கிக் அடிக்கும்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் தொழிலுக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

மின்சார ஸ்கூட்டர் தாளையும் ஒருவர் காட்டினார்: 140 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. கிளாசிக்கைவிட ஐந்து மடங்கு என்று அவர் நம்பிவிட்டார். அந்த எண் சக்கரத்தில் அளந்தது. கிளாசிக்கின் 27 என்ஜினில் அளந்தது. ஸ்ப்ளெண்டரின் எட்டு நியூட்டன் மீட்டரே முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும்போது 240 ஆகிவிடுகிறது. மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு கிடைக்கும் என்பது உண்மை, ஊருக்குள் அது மிக இனிமையான ஓட்டம். எண்ணை மட்டும் எங்கே அளந்தது என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

கையில் இருக்கும் வண்டியிலேயே இழுவையைக் கூட்ட ஒரு வழி உண்டு. முன்பக்கச் செயின் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் இருந்தால் 13 பல் போடுவது. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு எல்லா கியரிலும் ஏழு, எட்டு சதவீதம் கூடும். குதிரை ஒன்றும் கூடாது. உச்ச வேகம் குறையும், பெட்ரோல் சற்று அதிகம் குடிக்கும். கரையிலிருந்து சுமை எடுக்கிறவர்களுக்கு இது லாபமான மாற்று. மதுரைக்கு வாரம் இருமுறை போகிறவர் இதைச் செய்யக்கூடாது. அதோடு, உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்து மணலும் சேர்ந்து இறுகிவிட்டால் தாளில் இருக்கும் முறுக்கில் ஒரு பங்கு அங்கேயே செத்துவிடும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலில் இறக்கிக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆக, யாருக்கு எது? ராமநாதபுரத்தில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ, சுமை இல்லாமல், நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் அடிக்கடி போகிற இளைஞருக்குக் குதிரைத்திறன் வேண்டும். 150-இலிருந்து 200 சிசி வரை எதை எடுத்தாலும் கச்சானை எதிர்த்து எண்பதில் போகலாம். கியரை மாற்றச் சலிக்காதவராக இருக்கவேண்டும். மனைவி பிள்ளையோடு ராமேஸ்வரத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நிதானமாகப் போகிறவருக்குக் கிளாசிக் போல 4000 சுற்றில் முறுக்கு தரும் வண்டி சுகம். அதன் 195 கிலோ எடை பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்றடிக்கும்போது கொஞ்சம் தைரியமும் கொடுக்கும். அதே எடை கரை மணலில் எமன். மீன்காரருக்கு அது கூடாது. ஊருக்குள் தண்ணீருக்கும் கடைச் சாமானுக்கும் எக்ஸ்எல்.

மீன் தொழிலுக்கு, மணலையும் காற்றையும் ஒரே நாளில் பார்க்கிறவனுக்கு, என் முடிவு 125. ஸ்ப்ளெண்டரைப் போலவே இலகுவான உடம்பு, அதே 6000 சுற்றில் அதைவிட மூன்று நியூட்டன் மீட்டர் அதிக முறுக்கு, காற்றுக்கு இரண்டரைக் குதிரை மேலதிகம். டியூக்கைவிடப் பதினாலு குதிரை குறைவு என்பது உண்மைதான். அவன் போகும் பாதையில் அந்தப் பதினாலைக் கூப்பிட ஒருநாளும் வேளை வராது.

சொன்னதை நம்பாதே, சுமையோடு ஓட்டிப் பார் என்றேன். ஷோரூமில் தரும் சோதனை ஓட்டம் வெறும் வண்டியில், நல்ல சாலையில். அதில் எல்லா வண்டியும் பறக்கும். கூட்டாளி ஒருவரின் 125-ஐக் கேட்டு வாங்கி, இரண்டு பெட்டியில் 75 கிலோ ஐஸ் நிரப்பிக் கட்டினோம். கரையில் முதல் கியரில் கிளட்சை முழுக்க விட்டு ஏறச் சொன்னேன். இரண்டு இடத்தில் கால் ஊன்றினான், இறங்கவில்லை. பிறகு மேற்கே கடலாடிச் சாலையில் விட்டான். வைகாசிக் கடைசி, கச்சான் தொடங்கியிருந்தது. முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான், தலைமுடியெல்லாம் மணல்.

“டாப்பிலேயே 55 நின்றது மாமா. காற்று ஓங்கிய இடத்தில் ஒரு கியர் இறக்கினேன், அறுபது போனது.”

மறுநாளே முன்பணம் கட்டிவிட்டான். 13 பல் ஸ்ப்ராக்கெட் ஒன்றை வாங்கிப் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். வாரண்டி முடிகிறவரை அதில் கைவைக்கக்கூடாது என்று அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அதுவரை மணலில் அந்தப் பெரியவர் போன வழியில் போகட்டும்.